9.78 என்று வந்தால் அஞ்ச வேண்டாம்: இயற்பியல் செய்முறையில் அளவீட்டு நிச்சயமின்மையைக் கணக்கிடும் வழி

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்து இயற்பியல் ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவர்கள் தொடக்கத்திலேயே செய்யும் சோதனைகளுள் ஒன்று, நூலில் கட்டிய குண்டை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் தனி ஊசல். தருமபுரியில் பல ஆண்டுகளாக இச்சோதனையைச் செய்வித்து வருபவன் என்ற முறையில், ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போதெல்லாம் ஒன்றைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லா நோட்டுகளிலும் கடைசி வரியில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 அல்லது 9.81 மீ/வி² என்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் வடக்கு அட்சரேகை 12 பாகையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் அமைந்திருக்கும் நம் ஊரில் அதன் மதிப்பு ஏறக்குறைய 9.78 ஆகும். நிலநடுக்கோட்டில் 9.78 ஆக இருக்கும் இந்த முடுக்கம் துருவங்களில் 9.83 வரை உயர்கிறது. 1901ஆம் ஆண்டு எடைகள், அளவுகளுக்கான பன்னாட்டுப் பொதுமாநாடு ஏற்றுக்கொண்ட 9.80665 என்பது உலகம் முழுவதும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடே தவிர, தருமபுரியில் ஊசலைத் தொங்கவிட்டு அளந்த மதிப்பன்று.

ஆகவே, நேர்மையாக அளந்து 9.77 என்று பெற்ற ஒரு மாணவர், பாடநூல் எண்ணுக்கு ஒத்துவர வேண்டுமே என்று அலைவு நேரத்தை (குண்டு ஒருமுறை முழுதாகப் போய்வர எடுக்கும் நேரத்தை) அழித்து மாற்றி எழுதும்போது, சரியான விடையைத் தம் கையாலேயே அழிக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தம்முடைய 9.77ஐ எந்த அளவுக்கு நம்பலாம் என்று தாமே கணக்கிட்டுச் சொல்லும் வழியை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்புக் கணிதமும் வர்க்கமூலம் காட்டும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் மூன்று சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஊசலை விட்டதும் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி, பத்தொன்பது அலைவுகளை இருபது என்று எழுதிவிடுவது தவறு. அந்த ஒரு தவறே நம் விடையை 9.78இலிருந்து 10.8க்கு மேல் கொண்டுபோய்விடும். அதற்கு ± போட்டு ஈடுகட்ட முடியாது. சோதனையைத் திரும்பச் செய்யவேண்டியதுதான். ஊசலை விடும்போது ‘சுழி’ என்று சொல்லித் தொடங்குவது இதைத் தவிர்க்கும் நல்ல பழக்கம். பிழை என்பது நாம் பெற்ற எண்ணுக்கும் உண்மையான மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. உண்மையான மதிப்பு நமக்குத் தெரியாது என்பதால் பிழையும் சரியாகத் தெரியாது. நிச்சயமின்மை என்பது, உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று நம் கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு நாம் கூறும் அகலம். இதை நம்மால் கணக்கிட முடியும். இச்சொல் சோதனை செய்தவரின் திறமைக் குறைவைக் குறிப்பதில்லை. உலகின் மிகச் சிறந்த ஆய்வகங்களின் அளவீடுகளுக்கும் நிச்சயமின்மை உண்டு.

முதல் படி: எதை அளக்கிறோம் என்பதைத் தெளிவாக வரையறுங்கள்

இது மிக எளிதாகத் தோன்றும். ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையிலிருந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்துவந்து அதன் தடிமனை வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். ஒரு மூலையில் 18.3 மி.மீ., மறுமூலையில் 18.7, நடுவில் 18.1, இன்னொரு பக்கம் 18.5 என்று வரலாம். பள்ளி ஆய்வகத்து வெர்னியரின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.1 மி.மீ. தான் என்பதால் ‘18.3 ± 0.1’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கல்லுக்கு ஒரே தடிமன் இல்லை. இடத்துக்கு இடம் அது அரை மில்லிமீட்டருக்கும் மேல் மாறுகிறது. இங்கே 0.01 மி.மீ. காட்டும் திருகு அளவியை விலை கொடுத்து வாங்கினாலும் விடை மேம்படாது. ‘கல்லின் சராசரித் தடிமன்’ என்று வரையறுத்துப் பல இடங்களில் அளப்பதா, ‘இந்த மூலையின் தடிமன்’ என்று வரையறுத்து அங்கே மட்டும் அளப்பதா என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும்.

ஊசலுக்கும் இது பொருந்தும். ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மட்டும் அன்று. தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவே நமக்கு வேண்டியது. எனவே நூலின் நீளத்தை அளந்து, குண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதில் பாதியைக் கூட்டவேண்டும். குண்டைத் தொங்கவிட்ட பிறகே நூலை அளக்க வேண்டும்; ஏனெனில் சுமை ஏறியதும் நூல் சற்று நீளும்.

இரண்டாம் படி: கருவியை விசாரியுங்கள்

திருகு அளவியின் முனைகள் ஒன்றையொன்று தொடும்போது அது சுழியைக் காட்டுகிறதா என்று பார்ப்பது நமக்குப் பள்ளியிலேயே பழக்கமானது. அந்தச் சுழிப்பிழையைக் கண்டறிந்து திருத்தினால் அது நிச்சயமின்மைக் கணக்கில் சேராது. கண்டறியாமல் விட்டால் எல்லா அளவீடுகளையும் ஒரே பக்கமாக இழுக்கும். மர மீட்டர் அளவுகோல்களின் முனைகள் நாள்பட்ட பயன்பாட்டில் தேய்ந்து வட்டமாகியிருக்கும். ஆகவே சுழியில் தொடங்காமல் 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி அளந்து, பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கண்ணை அளவுகோலுக்கு நேராக வைத்தால் இடமாறு தோற்றப்பிழை குறையும்.

வெப்பநிலையைப் பற்றி ஒரு சொல். நீள அளவைகளுக்குப் பன்னாட்டு அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட மேற்கோள் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். ஓசூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் இதை அன்றாடம் எதிர்கொள்கிறார்கள். எஃகு, ஒவ்வொரு பாகைக்கும் தன் நீளத்தில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் பதினொன்றரைப் பங்கு விரிவடைகிறது. 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் துண்டு 35 பாகையில், 20 பாகையில் இருந்ததைவிட 0.017 மி.மீ. நீண்டிருக்கும், இது திருகு அளவியின் மீச்சிற்றளவைவிடப் பெரியது. அளவியும் எஃகால் ஆனதாக, அதே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. அலுமினியத் துண்டை எஃகு அளவியால் அளந்தால் அப்படி ஈடாகாது. கடைசல் முடிந்து சூடாக இருக்கும் துண்டை உடனே அளக்கக்கூடாது என்று மூத்த பணியாளர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. நம் ஊசலில் இவ்விளைவு மிகச் சிறிது, அதைப் புறக்கணிக்கலாம். ஆனால் ‘புறக்கணிக்கலாம்’ என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்த பிறகே சொல்லவேண்டும்.

மூன்றாம் படி: திரும்பத் திரும்ப அளந்து, எல்லாவற்றையும் எழுதுங்கள்

இப்படியில் சற்று நின்று நிதானமாகச் செல்வோம். குண்டின் மையம் வரை 1 மீட்டர் நீளமுள்ள ஊசலை எடுத்துக்கொள்வோம். இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் கொண்டு ஆறு முறை அளந்ததில் 40.12, 40.31, 40.22, 40.05, 40.27, 40.17 வினாடிகள் கிடைத்தன என்று கொள்வோம். கைப்பேசி நூறில் ஒரு வினாடி வரை காட்டுகிறது. ஆனால் ஆறு எண்களும் அதைவிடப் பல மடங்கு சிதறியிருக்கின்றன. சிதறலுக்குக் காரணம் நம் கண்ணும் விரலும் செயல்படும் விதம். பொத்தானை அழுத்துவதில் ஏற்படும் தாமதம், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவாக இருந்தால் அது கழிந்துவிடும். ஒருமுறைக்கு ஒருமுறை மாறும் பகுதி மட்டுமே எஞ்சுகிறது. அதைத்தான் இந்தச் சிதறல் காட்டுகிறது. குண்டு ஒரு பக்கத்தின் கடைசியில் தயங்கி நிற்கும் இடத்தைவிட, வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியைக் குறியாக வைத்து அழுத்தினால் சிதறல் குறையும்.

இனிக் கணக்கு. ஆறின் சராசரி 40.19 வினாடி. ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் சராசரியைக் கழித்தால் −0.07, 0.12, 0.03, −0.14, 0.08, −0.02 கிடைக்கும். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.0466. அதை ஆறால் வகுக்காமல், ஒன்று குறைத்து ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.097 வினாடி என்று வரும். ஒன்று ஏன் குறைகிறதென்றால், சராசரியையும் இதே ஆறு எண்களிலிருந்தே எடுத்துவிட்டோம். எஞ்சியிருக்கும் புதிய தகவல் ஐந்துதான்.

திட்ட விலக்கம் என்பது தனி ஓர் அளவீடு எவ்வளவு விலகக்கூடும் என்பதைச் சொல்கிறது. நாம் பயன்படுத்தப்போவது சராசரியை. சராசரி அவ்வளவு தள்ளாடாது. அதன் நிச்சயமின்மையைப் பெற, திட்ட விலக்கத்தை அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். ஆறின் வர்க்கமூலம் 2.45, எனவே 0.04 வினாடி. வர்க்கமூலத்தால் வகுப்பதன் விளைவைக் கவனியுங்கள். நிச்சயமின்மையைப் பாதியாக்க வேண்டுமானால் ஆறு முறைக்குப் பதில் இருபத்துநான்கு முறை அளக்கவேண்டும். பத்திலொரு பங்காக்க வேண்டுமானால் அறுநூறு முறை. வேறு வழி இருக்கிறதா என்று ஆறாம் படியில் பார்ப்போம்.

ஓர் எண் மற்றவற்றோடு சேராமல் தனித்து நின்றால் அதை அடித்துவிடத் தோன்றும். அடிக்காதீர்கள். பென்சிலால் எழுதி அழிப்பதையும் விட்டுவிடுங்கள். பேனாவால் எழுதி, அந்த அளவீட்டின்போது என்ன நடந்தது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். ‘எண்ணிக்கை தவறியது’ என்று அந்த நேரத்திலேயே குறித்திருந்தால் நீக்கலாம்; பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கினால் சிதறலைச் சொல்லும் சான்றையே மறைக்கிறோம்.

திரும்ப அளப்பதால் தீராத குறையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனையை நினைவுகூருங்கள். 1913இல் அவர் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்குப் பெற்ற மதிப்பு இன்றைய அலகில் 1.592 × 10⁻¹⁹ கூலூம்; இன்று நாம் கொள்ளும் மதிப்பு 1.602 × 10⁻¹⁹. அவர் எத்தனையோ துளிகளை அளந்தார். சிதறல் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் கணக்கில் பயன்படுத்திய காற்றின் பாகியல் எண் சற்றுக் குறைவானது என்பதால், எல்லாத் துளிகளும் சேர்ந்தே ஒரு பக்கம் விலகின. இத்தகைய முறையான பிழையைச் சராசரி காட்டிக்கொடுக்காது.

நம் ஊசலிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அலைவு நேரச் சூத்திரம் மிகச் சிறிய வீச்சுக்கே பொருந்தும். குண்டைப் பத்துப் பாகை சாய்த்து விட்டால் அலைவு நேரம் 0.19 விழுக்காடு கூடும். புவியீர்ப்பு முடுக்கம் அதன் இரு மடங்கு, ஏறக்குறைய 0.04 மீ/வி² குறைவாக வரும். ஐந்து பாகை சாய்த்தால் இவ்விளைவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு மீட்டர் நூலுக்கு ஐந்து பாகை என்பது பக்கவாட்டில் ஒன்பது செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மேசையில் ஒரு கோடு போட்டுவைத்து, அதற்குள்ளேயே விடுங்கள்.

நான்காம் படி: திரும்ப அளக்காதவற்றுக்கும் ஒரு மதிப்புக் கொடுங்கள்

நீளத்தை ஆறு முறை அளந்தாலும் ஆறு முறையும் ஒரே எண்ணே வரக்கூடும். அதனால் நிச்சயமின்மை சுழி என்று ஆகிவிடாது. நூலைப் பிடித்துத் தொங்கவிடும் தக்கைக்குள் அது எந்தப் புள்ளியிலிருந்து தொங்கத் தொடங்குகிறது என்பதை ஒரு மில்லிமீட்டருக்குள் சொல்வது கடினம். அளவுகோலைப் படிப்பதில் அரை மில்லிமீட்டர். அளவுகோல் நூலுக்கு இணையாக நிற்கிறதா என்பதில் இன்னும் கொஞ்சம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, ‘நீளம் 1 மீட்டரிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் எப்பக்கமும் விலகியிருக்காது’ என்று நான் முடிவு செய்கிறேன் என்று கொள்வோம். அந்த எல்லைக்குள் எல்லா மதிப்புகளும் சம வாய்ப்புள்ளவை என்று கருதினால், 2ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.73ஆல் வகுத்து 1.15 மி.மீ. என்பதை நிச்சயமின்மையாகக் கொள்ளலாம். டிஜிட்டல் தராசுக்கும் மல்டிமீட்டருக்கும் இதே முறையில், கடைசி இலக்கத்தின் பாதியை 1.73ஆல் வகுக்கலாம். ஆனால் அது அந்தக் கருவி காட்டும் நுண்மையால் வரும் பகுதி மட்டுமே. கருவி சரியாகக் காட்டுகிறதா என்பது தனிக் கேள்வி.

புள்ளியியலால் பெற்றது அ வகை, பிற அறிவால் பெற்றது ஆ வகை என்று 1993இல் ஏழு பன்னாட்டு அமைப்புகளின் பெயரில் வெளியான வழிகாட்டி பிரிக்கிறது. இரண்டும் ஒரே மதிப்புடையவை என்பதே அதன் நிலைப்பாடு. ஆ வகையைச் ‘சும்மா ஊகம்’ என்று சிலர் தள்ளுவதை நான் ஏற்பதில்லை. காரணத்தோடு எழுதப்பட்ட மதிப்பீடு, காரணமின்றி விடப்பட்ட வெற்றிடத்தைவிட எப்போதும் மேலானது.

ஐந்தாம் படி: சேர்த்துக் கணக்கிடுங்கள்

புவியீர்ப்பு முடுக்கம் என்பது நான்கு பை வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது. அலைவு நேரம் 40.19 ÷ 20 = 2.0095 வினாடி, விடை 9.777 மீ/வி². பெருக்கலும் வகுத்தலும் உள்ள இடத்தில் விழுக்காட்டில் கணக்கிடுவது எளிது. நீளத்தில் 0.115 விழுக்காடு. நேரத்தில் 0.04 (சுருக்காமல் எடுத்தால் 0.0394) ÷ 40.19, அதாவது 0.098 விழுக்காடு; நேரம் வர்க்கமாக வருவதால் அதை இரட்டித்து 0.196 என்று கொள்ளவேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் இவ்விரண்டையும் நேராகக் கூட்டி 0.31 விழுக்காடு என்று எழுதச் சொல்லித்தருவார்கள். அது இரண்டும் ஒரே நேரத்தில் மிக மோசமாக ஒரே பக்கம் சாய்ந்தால் வரும் பெரும எல்லை. பள்ளித் தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் நீள அளவீடும் நேர அளவீடும் ஒன்றையொன்று சாராதவை. இரண்டும் சேர்ந்தே ஒரே திசையில் முழுதாகச் சாய்வது அரிது. ஆகையால் கல்லூரி ஆய்வகத்தில் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்: 0.227 விழுக்காடு. 9.777இல் அது 0.022 மீ/வி². உண்மை மதிப்பு ஏறக்குறைய 95 விழுக்காடு நம்பிக்கையோடு உள்ளடங்க வேண்டுமானால் இதை இரட்டிக்கிறோம்: 0.044. அளவீடுகள் ஆறே ஆறு என்னும்போது இரண்டைவிடச் சற்றுப் பெரிய எண்ணால் பெருக்கவேண்டும் என்பது நுணுக்கமான விதி. முதலாண்டில் இரண்டே போதும்.

ஆறாம் படி: எங்கே உழைப்பது என்று முடிவு செய்யுங்கள்

இந்தக் கணக்கின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும் என்பது என் கருத்து. 0.196, 0.115 என்ற இரண்டில் பெரியது நேரம். எனவே நீளத்தை இன்னும் நுணுக்கமாக அளக்க மெனக்கெடுவதில் இப்போது பயனில்லை. இருபது அலைவுகளுக்குப் பதில் நூறு அலைவுகளை எண்ணினால் மொத்த நேரம் 200 வினாடியாகும். விரலின் தடுமாற்றமோ அதே 0.04 வினாடிதான். நேரத்தின் பங்கு 0.04 விழுக்காடாகச் சுருங்கிவிடும். அறுநூறு முறை அளந்து பெறவேண்டிய முன்னேற்றத்தில் பாதியை, ஆறே முறை சற்றுப் பொறுமையோடு எண்ணிப் பெற்றுவிடலாம். அதன் பிறகு நீளமே பெரிய பங்காக நிற்கும். அப்போது தக்கையை விட்டுவிட்டு, நூலை இறுகப் பிடிக்கும் இரும்புப் பற்றுக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஏழாம் படி: விடையை எழுதும் முறை

நிச்சயமின்மையை ஓர் இலக்கத்திலோ இரண்டு இலக்கத்திலோ எழுதுங்கள். விடையை அதே தசம இடத்தில் நிறுத்துங்கள். கால்குலேட்டர் காட்டும் 9.77651 என்பதை அப்படியே எழுதுவது பொருளற்றது. நம் முடிவு: (9.78 ± 0.04) மீ/வி², ஏறக்குறைய 95 விழுக்காடு நம்பிக்கையில். அதற்குக் கீழே, வீச்சு ஐந்து பாகைக்குள் வைக்கப்பட்டது, அதற்கான திருத்தம் செய்யப்படவில்லை என்பதையும் எழுதுங்கள்.

இந்த எல்லைக்குள் 9.81உம் அடங்குகிறது என்பதைக் காண்பீர்கள். அப்படியானால் இருபது அலைவுகளைக் கொண்ட நம் சோதனை 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்தறியும் ஆற்றல் உடையதன்று; அதை மறைக்காமல் எழுதவேண்டும். நூறு அலைவுகளோடு செய்தால் எல்லை ± 0.024 ஆகக் குறையும். சராசரி அதே இடத்தில் நின்றால் அப்போது 9.81 வெளியே போய்விடும். ஓசூர் நம்மைவிட நானூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே முடுக்கம் சற்றுக் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் அந்த வேறுபாடு 0.001 அளவிலானது என்பதால் இந்த ஊசலுக்குப் புலப்படாது.

எட்டாம் படி: பிறர் விடையோடு ஒப்பிடுங்கள்

ஓசூரில் படிக்கும் உங்கள் நண்பர் 9.74 ± 0.03 என்று பெற்றிருக்கிறார் என்று கொள்வோம். வேறுபாடு 0.04. இரண்டு நிச்சயமின்மைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.05. வேறுபாடு அதைவிடச் சிறியது என்பதால் இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றன. யாரும் எதையும் திருத்தவேண்டியதில்லை. பாலக்கோட்டிலிருந்து வரும் இன்னொருவர் 9.65 ± 0.03 என்று கொண்டுவந்தால் வேறுபாடு 0.13, இது 0.05ஐ விட மிகப் பெரியது. இப்போது இருவரும் உட்கார்ந்து இரண்டு நோட்டுகளையும் வரி வரியாக ஒப்பிடவேண்டும். அவர் நோட்டில் நீளம் 98.75 செ.மீ. என்று இருந்து, உங்கள் நோட்டில் 98.75 செ.மீ. நூலோடு 1.25 செ.மீ. குண்டின் ஆரமும் சேர்ந்து 100 செ.மீ. என்று இருந்தால், அந்த 0.13 எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். அவர் குண்டின் ஆரத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறார். கூட்டிக் கணக்கிட்டால் அவருக்கும் 9.77 வரும்.